கதையால் துயர் ஆற்றிய நாவலர் பெருமான்

துன்பம் வந்த காலத்தில் மனிதனுக்குச் சோறும் வேண்டும், துணையும் வேண்டும். இவ்விரண்டையும் ஆலயத்தில் தேடியவர்கள் நம் முன்னோர். மாலைப் பூசை முடிந்ததும் மண்டபத்திலே விளக்கேற்றி, ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் கூடியிருந்து கேட்கும். சூரபன்மனால் தேவர்கள் பட்ட சிறையைக் கேட்டபோது தம் கவலை சிறிதாயிற்று என்று எண்ணி வீடு திரும்பியவர் பலர். இக்கந்தபுராணக் கலாசாரத்தைத் தளரவிடாது காத்தவர்களுள் முதலிடம் பெறுபவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள்.

நாவலர் பெருமான் 1822 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18 ஆம் திகதி நல்லூரிலே கந்தர், சிவகாமி தம்பதியரின் கடைசிப் புதல்வராக அவதரித்தார். தந்தையார் தமிழ் நாடகங்கள் இயற்றிய புலவர். ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டிருந்த வேளையிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது ஆறுமுகத்துக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற அந்நாடகத்தை அச்சிறுவர் தாமே பாடி முடித்தார் என்பது அவர் வரலாறு கூறும் செய்தி. தந்தையை இழந்த பிள்ளை, அவர் சொல்லத் தொடங்கிய கதையைப் பற்றிக்கொண்டே அத்துயரைக் கடந்தது என்று நாம் கொள்ளலாம்.

இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்ற அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றார். அங்கே பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் கற்பித்ததோடு, பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் உதவினார். நூல்களின் வாயிலாக ஒரு சமயம் மக்கள் மனத்தை எவ்வாறு சென்றடைகின்றது என்பதை அங்கே அருகிலிருந்து கண்டார். தம் சைவமக்களோ சொந்தப் புராணங்களின் பொருளைத் தாமே வாசித்து அறிய வழியின்றி இருந்தனர். பாட்டுக்குப் பயன் சொல்ல ஒரு வித்துவான் வந்தாலன்றிக் கதை அவர்களுக்குக் கிட்டாது.

இக்குறையைத் தீர்க்க அவர் எடுத்த முதல் முயற்சி பிரசங்கம். 1847 ஆம் ஆண்டு மார்கழி 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தொடங்கிய அப்பிரசங்கம் வெள்ளிக்கிழமை தோறும் நடைபெற்றது. 1848 இல் உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவரது சொல்வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டம் சூட்டியது. இல்லறத்தையும் நாடாது, தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே அவர் அர்ப்பணித்தார்.

1852 இல் அவர் எழுதிய பெரியபுராண வசனம் வெளிவந்தது. சேக்கிழார் பெருமான் பாட்டிலே பாடிய அடியார் சரிதங்கள் எளிய உரைநடையிலே வீட்டுத் திண்ணைக்கு வந்தன. எழுத்தறிந்த பிள்ளை ஒன்று வாசித்தால், எழுத்தறியாத பாட்டியும் கேட்டு மகிழலாம் என்ற நிலை உண்டாயிற்று.

அச்சரிதங்களிலே வறுமையும் பஞ்சமும் மறைக்கப்படவில்லை. செல்வம் எல்லாம் இழந்த இளையான்குடிமாற நாயனார், மழை பெய்யும் நள்ளிரவிலே வந்த அடியாரின் பசி தீர்க்க, அன்று பகல் விதைத்த நெல்லையே வயலிற் சென்று வாரி வந்தார். விறகில்லாதபோது கூரைக் கழிகளை அறுத்துக் கொடுத்தார். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினார். அக்காசைத் தங்கள் தேவைக்கு வைத்துக்கொள்ளாமல், அடியார்களுக்கு அமுதளிக்கவே அவ்விருவரும் செலவிட்டனர். பசித்தவன் இவற்றைக் கேட்டால், தன்னைப் போல் முன்னும் பசித்தவர் உண்டு என்று தேறுவான். உள்ளவன் கேட்டால், தன் கடமையை உணர்வான்.

இந்தச் சோதனை நாவலர் பெருமானுக்கே வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அக்காலத்தில் யாழ்ப்பாணமும் பஞ்சத்தால் வருந்தியது. கொள்ளைநோயும் பரவிற்று. கதை சொல்வதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. பொருள் படைத்தோரிடம் சென்று உதவி கேட்டு, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி வைத்து, ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் வசனமாக எழுதிய அடியார் சரிதத்தை அவர் செயலிலே எழுதிக் காட்டினார் என்றே சொல்லவேண்டும்.

1879 ஆடிமாதச் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று அவர் செய்ததே இறுதிப் பிரசங்கம். அவ்வாண்டு மார்கழி 5 ஆம் திகதி, தமது 56 ஆவது வயதிலே, இறைவன் திருவடி நிழலை அடைந்தார். தம் வாழ்வின் கடைசி ஆண்டிலும் ஓர் அடியாரின் திருநாளிலே பேசும் பேறு அவருக்கு வாய்த்தது.

அன்பான அடியார்களே! போரையும் இடப்பெயர்வையும் கண்ட நமக்கு, துயர வேளையில் அருகிலிருந்து பேசும் ஒரு குரலின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரா பௌர்ணமியிலே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பதும், கார்த்திகையிலே பெருங்கதை விரதத்தின் 21 நாளும் பிள்ளையார் கதை கேட்பதும், திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரர் புராணம் படிப்பதும் நம் முன்னோர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம். இன்று வாசிக்கத் தெரிந்தவர் முதுமை எய்த, பயன் சொல்வோர் அருகிவருகின்றனர். பல மண்டபங்களிலே ஒலிபெருக்கி பாடுகின்றது; கேட்பதற்கு ஆட்கள் இல்லை. ஒலிபெருக்கி நம் முகவாட்டத்தை அறியாது. பக்கத்தில் இருந்து கேட்கும் அயலவரே அறிவார்.

ஆதலால் பிள்ளைகளைப் படிப்பு நாட்களிலே ஆலயத்துக்கு அழைத்து வருவோம். ஒரு பாட்டையேனும் வாசிக்கப் பழக்குவோம். வர இயலாத முதியோர் வீட்டிலே சென்றிருந்து ஒரு சரிதத்தை வாசித்துக் காட்டுவோம். நாவலர் பெருமானுக்கு நாம் செய்யக்கூடிய குருபூசை இதுவே.

மேன்மைகொள் சைவம் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.