சொல் தேடிய கணக்காசிரியர்

விடுதியில் மின்விளக்கு அணைந்துவிட்ட மாலைகளில் பொழுது போக ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். அவ்வெழுத்துகள் அதே வரிசையில், இடைவெளி இன்றி அமைந்த சொல் ஒன்றை மற்றவர் கண்டு சொல்ல வேண்டும். இ, எம், ஓ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நாம் நாள்தோறும் சாற்றில் பிழியும் எலுமிச்சையின் ஆங்கிலப் பெயரான 'லெமன்' போதும். ஆனால் அது உடனே நாவில் வருவதில்லை.

இவ்விளையாட்டுக்கு 'மிஷ்மாஷ்' என்று பெயர் சூட்டி, விதிகள் வகுத்து, 1881இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டவர் மொழிப் பேராசிரியர் அல்லர், கணித ஆசிரியர். சரளமாகப் பேச வல்லவரும் அல்லர், திக்குவாய் உடையவர். சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்சன் என்பது அவர் இயற்பெயர். உலகம் அவரை லூயிஸ் கரோல் என்று அறியும்.

1832 ஜனவரி 27ஆம் நாள், செஷயர் மாநிலத்து டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் பாதிரியார். பதினொரு குழந்தைகளில் இவர் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர். தம்பி தங்கையர்க்காகக் கையெழுத்துப் பத்திரிகைகள் நடத்தியபோது இவருக்கு வயது பதின்மூன்றே. கதை, கவிதை, படம் எல்லாம் பெரும்பாலும் அவர் கைவண்ணமே. பிற்காலத்தில் தாம் தொகுத்த அத்தகைய ஏடு ஒன்றின் பெயரையே மேற்சொன்ன விளையாட்டுக்கும் வைத்தார்.

பள்ளி வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. ரக்பி பள்ளியில் கழிந்த ஆண்டுகளை மீண்டும் வாழ அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. 1851இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரிக்குச் சென்றார். சென்ற இரண்டாம் நாளே தாயார் மறைந்தார் என்ற செய்தி வந்தது. வீட்டை விட்டுத் தொலைவில் படிக்க வந்திருக்கும் நமக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துயரத்தைத் தாங்கிக்கொண்டு படித்தார். 1854இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே கணித விரிவுரையாளர் பணி கிடைத்தது. 1881 வரை அப்பணியில் இருந்தார்.

அவருடைய புனைபெயரே ஓர் எழுத்து விளையாட்டு. 1856இல் ஒரு பத்திரிகை ஆசிரியர் புனைபெயர் கேட்டபோது அவர் நான்கு பெயர்களை அனுப்பினார். இரண்டு, சார்ல்ஸ் லட்விட்ஜ் என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியவை. ஆசிரியர் தேர்ந்த பெயர், அவ்விரு சொற்களையும் லத்தீனுக்கு மாற்றி, முன்னதைப் பின்னதாக்கி, மீண்டும் ஆங்கிலமாக்கியது.

1862 ஜூலை 4ஆம் நாள், கல்லூரித் தலைவரின் மகளிர் மூவரோடு படகில் செல்கையில் ஒரு கதை சொன்னார். அதுவே 1865இல் 'ஆலிஸின் அற்புத உலகம்' என நூலாகி உலகெங்கும் பரவியது.

ஆனால் அவர் வாழ்வில் நாத்தடுமாற்றம் நீங்கவே இல்லை. பேச்சுப் பயிற்சி அளிப்பவரிடம் சென்று முயன்றார். முழுப் பயன் கிட்டவில்லை. 1861இல் திருச்சபையில் முதற்படியான டீக்கன் பட்டம் பெற்றவர், அதற்கு மேல் குருப்பட்டம் பெறவில்லை. பிரசங்கம் செய்ய நா தடையாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பர். வாய் மறுத்ததைப் பேனா செய்தது. 1861 முதல் இறக்கும் வரை தாம் எழுதியும் பெற்றும் வந்த கடிதங்களை ஒரு பதிவேட்டில் எண்ணிட்டு வந்தார். அவ்வெண் 98,721 வரை சென்றது.

1877 கிறிஸ்துமஸின்போது, பொழுது போகாத இரு சிறுமியர்க்காக வேறொரு விளையாட்டை அமைத்தார். ஒரு சொல்லில் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள சொல்லாகவே வைத்து, மற்றொரு சொல்லை அடைய வேண்டும். 'ஹெட்' என்னும் தலையை 'டெயில்' என்னும் வாலாக்க இடையில் நான்கு சொற்களே போதும். செய்து பாருங்கள்.

மிஷ்மாஷ் அதைவிட நுட்பமானது. விடை வழக்கில் உள்ள சொல்லாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ ஆகாது. இதில் அகராதியும் உதவாது. அகராதி முதலெழுத்தைப் பிடித்துச் செல்வது. நாம் தேடுவதோ நடுவில் கிடப்பது. நம் நினைவும் அகராதி போலவே முதலெழுத்தைத் தேடித் திகைக்கிறது. ஐ, எம், எஸ், இ என்ற நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் வழி தெரியாது. முதலிரண்டு ஒரு சொல்லின் வால், பின்னிரண்டு மற்றொன்றின் தலை என்று பிரித்துப் பாருங்கள். 'ஹிம்செல்ஃப்' தானே வெளிப்படும். தொடக்கம் கிடைக்காதபோது இணைப்பைத் தேடு என்பதே இதன் சூத்திரம். சொல்லின் தொடக்கத்திலேயே தடுக்கி நின்ற ஒருவர் இப்படி ஒரு விளையாட்டை அமைத்தது எண்ணிப் பார்க்கத் தக்கது.

1898 ஜனவரி 14ஆம் நாள், கில்ஃபோர்டில் சகோதரியர் இல்லத்தில் அவர் காலமானார். அறுபத்தாறு நிறையப் பதின்மூன்று நாள்களே இருந்தன.

நண்பர்களே, வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்க முனைந்து, முதற்சொல் வராமல் அமர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. சொல் வராத காரணத்தால் சொல்லை வெறுத்துவிடாதவர் டாட்சன். நா சரியாகட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. நாமும் காத்திருக்க வேண்டாம்.

இன்றிரவு விடுதியில் ஒரு கணக்கு: டபிள்யூ, கே, டபிள்யூ. மூன்றும் அடுத்தடுத்து வரும் சொல் ஒன்று உண்டு. நா குழறி நாம் நிற்கும் அந்தச் சங்கட நிலைக்கே ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. கண்டுபிடித்தவர் நாளை வகுப்பில் துணிந்து கேள்வி கேட்கட்டும்.