கங்கைக் கரையில் சரக்கு இறக்கிய புலி வேட்டைக்காரர்

ஜிம் கார்பெட் என்ற பெயரைச் சொன்னதும் புலிதான் நினைவுக்கு வரும். தோளில் துப்பாக்கி, தலையில் தொப்பி, காலடியில் செத்துக் கிடக்கும் ஆட்கொல்லி. அவர் என்ன வேலை பார்த்தார், வீட்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வேட்டைக்காரர் என்றால் ராஜாவாகவோ, ஜமீன்தாராகவோ, வெள்ளைக்காரக் கலெக்டராகவோ இருப்பார். அவருக்குச் சோற்றுக் கவலை ஏது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. சமஸ்தானாதிபதிகள், ஜில்லா அதிகாரிகள், காட்டிலாகாக்காரர்கள், பட்டாள ஆபீசர்கள் இவர்களுடைய பொழுதுபோக்காகவே வேட்டை இருந்தது. கார்பெட் இவர்களில் ஒருவர் அல்லர். அவர் ரயில்வேயில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்டர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவருடைய பிழைப்பு. புலி வேட்டையெல்லாம் லீவு நாட்களில்!

தபால்காரர் மகன்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி இமயமலை அடிவாரத்து நைனிதாலில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன்பே, 1881-ல், தகப்பனார் காலமானார். தாயார் மேரி ஜேன், கோடைக்கு மலைக்கு வரும் துரைமார்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஏஜெண்டாக இருந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். மூத்த அண்ணன் டாம், தகப்பனார் பார்த்த போஸ்ட் மாஸ்டர் வேலையிலேயே அமர்ந்தார்.

வெள்ளைத் தோல்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து நேராகக் கப்பலில் வந்து இறங்கிய துரைமார்கள் இவர்களைத் தங்களுக்குச் சமமாக மதிப்பதில்லை. பெரிய உத்தியோகங்கள் இவர்களுக்குக் கிடைப்பது அரிது. ரயில்வே, தபால், தந்தி, சுங்கம் இவைதான் இவர்களுக்கு என்று ஏறக்குறைய எழுதி வைத்திருந்தது.

குளிர் காலத்தில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவிடும். வீட்டைச் சுற்றிக் காடு. உண்டிவில், பிறகு ஒரு பழைய மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று சிறுவன் ஜிம் படிப்படியாகத் தேறினான். கிராமத்துக் குன்வர் சிங் என்பவர், சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடுவதில் பேர் போனவர், காட்டுப் பாடம் சொல்லித் தந்தார். பறவைகளும் மிருகங்களும் கொடுக்கும் எச்சரிக்கைக் குரல்களைக் கேட்டுப் புலி எங்கே நடக்கிறது என்று கண்டுகொள்ளப் பழகியது இந்த வயதில்தான். படிப்பைத் தொடர வசதியில்லை. இருபது வயதாகும் முன்பே வேலை தேடிக் கிளம்பினார்.

மரம் வெட்டும் வேலை

முதல் வேலை வங்காள வடமேற்கு ரயில்வே கம்பெனியில். அப்போது அந்தப் பாதையில் இன்ஜின்கள் விறகில் ஓடின. காட்டில் கூடாரம் அடித்துத் தங்கி, மரம் வெட்டி, விறகு அளந்து அனுப்புவதை மேற்பார்வை செய்ய வேண்டும். பிற்காலத்தில் காட்டைக் காக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர், முதன் முதலில் சம்பளம் வாங்கியது காட்டை வெட்டுவதற்கு! இன்ஜின்களுக்கு நிலக்கரி வந்தது. விறகு வேலை போயிற்று. பிறகு கூட்ஸ் வண்டி கார்டு, ஸ்டோர் கீப்பருக்கு உதவியாள், உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று கிடைத்த வேலைகளையெல்லாம் பார்த்தார்.

1895-ல் அவரை மோகாமா காட்டுக்கு அனுப்பினார்கள். பீகாரில், கங்கையின் தென்கரை. இந்தக் கரை வரை அகலப் பாதை. அக்கரையில் சிமரியா காட்டிலிருந்து மீட்டர் கேஜ். நடுவில் பாலம் இல்லை. வடபீகாருக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் இந்தக் கரையில் வண்டியிலிருந்து இறக்கி, ஷெட்டில் அடுக்கி, ஆற்றைக் கடத்தி, அக்கரை வண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். உப்பு, தானியம், சர்க்கரை, துணி, நிலக்கரி என்று ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன். இயந்திரம் என்று ஒன்றும் கிடையாது. தலையும் கூடையும் மண்வெட்டியும்தான். சரக்கு மலையாகத் தேங்கிக் கிடந்தது. அதைத் தீர்க்கும் காண்டிராக்ட் இருபது வயது இளைஞனிடம் வந்தது.

முதல் மூன்று மாதங்கள்தான் பெரும் சோதனை. வேலை நடந்தது, கம்பெனியிடமிருந்து பணம் வரவில்லை. கையிலிருந்த சேமிப்பைக் கூலியாகக் கொடுத்துத் தீர்த்தார். அதன் பிறகு கொடுக்க ஒன்றுமில்லை. வேறு இடமாயிருந்தால் மூன்றாம் நாளே ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மோகாமா காட்டில் போகவில்லை. காரணம், காண்டிராக்டரும் அவர்களோடு சேர்ந்து கூடை சுமந்தார். அவர்கள் பட்டினி கிடந்தபோது அவரும் அரை வயிற்றோடு படுத்தார். முடிவில் பணம் வராவிட்டால் நாளை வேலை நின்றுவிடும் என்று தலைமை ஆபீசுக்குத் தந்தி அடித்தார். தந்திக்குத்தான் பலன் கிடைத்தது. பணம் வந்தது, பாக்கி முழுவதும் பட்டுவாடா ஆயிற்று. இது போன்ற பாக்கிக்காக எத்தனை பேர் எத்தனை கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள் என்பது கூலி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரண். கார்பெட்டை விட மூத்தவர். படிப்பில் ஆர்வம் கொண்டவர். கூலியாட்களின் பிள்ளைகளுக்கும் ரயில்வே சிப்பந்திகளின் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று இருவரும் கிளம்பினார்கள். இருபது பையன்கள் சேர்ந்தார்கள். உடனே சாதிப் பிரச்சினை முளைத்தது. மேல்சாதிப் பிள்ளையும் தாழ்த்தப்பட்ட பிள்ளையும் ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாதாம். ஆனால் சுவர் இல்லாத கொட்டகையின் கீழ் உட்காரலாமாம்! ராம் சரண் யோசித்தார். குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார். தகராறு தீர்ந்தது. பள்ளி இருநூறு பையன்கள் வரை வளர்ந்தது. ராம் சரணுக்கு ராய் சாகிப் பட்டமும் கிடைத்தது.

நிலக்கரி இறக்கும் ஆட்களுக்குச் சாமரி என்பவரை மேஸ்திரியாக்கினார் கார்பெட். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் அவர். அந்தக் காலத்து பீகாரில், அப்படிப்பட்ட ஒருவரை மற்றவர்களுக்கு மேலே நிறுத்துவது லேசான காரியமல்ல. சாமரி காலராவில் இறந்தபோது, இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஏழை, பணக்காரர் எல்லோரும் பின்னால் நடந்தார்களாம். புத்து என்று இன்னொரு கூலியாள். முன்னோர் வாங்கிய சொற்பக் கடனுக்காகத் தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவர். வக்கீல் வைத்துக் கணக்குத் தீர்த்து, அந்தப் பத்திரத்திலிருந்து அவரை மீட்டார் கார்பெட். இந்தக் கதைகளெல்லாம் 1952-ல் வெளியான 'என் இந்தியா' என்ற அவருடைய புத்தகத்தில் இருக்கின்றன. புலிக் கதைகளைப் படித்தவர்களில் பாதிப் பேர் கூட இதைப் படித்திருக்க மாட்டார்கள். எனக்குக் கேட்டால், இதுதான் அவருடைய சிறந்த புத்தகம்.

லீவில் வேட்டை

நம்மில் பலர் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறுவோம். கார்பெட்டும் அப்படித்தான் நைனிதாலுக்கு ரயில் ஏறுவார். 1907-ல் குமாவூன் மலையில் சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி மனிதர்களை அடித்துத் தின்றுகொண்டிருந்தது. முதலில் நேபாளத்தில் இருநூறு பேர்; அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்த பிறகு இருநூற்றுக்கு மேல். கணக்கு மொத்தம் 436 பேர். கிராமங்களில் கதவைத் திறக்கவே பயந்தார்கள்.

இந்தப் புலியைச் சுட முடியுமா என்று நைனிதால் அதிகாரி கேட்டபோது, கார்பெட் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, புலியின் தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். இரண்டு, மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பரிசுக்காக வேட்டையாடுபவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். பிழைப்புக்குச் சரக்கு மூட்டை இருக்கிறது.

அந்த வேட்டையின் கடைசிக் காட்சி விநோதமானது. தாசில்தார் கிராமத்து ஆட்களைத் திரட்டி மலைச்சரிவில் கூச்சல் போட வைத்தார். புலி வெளியே வந்தது. கார்பெட் சுட்டார், அடிபட்டும் புலி விழவில்லை. கையில் தோட்டா தீர்ந்துவிட்டது! ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கி வந்து முடித்தார். புலியின் வாயைத் திறந்து பார்த்தால் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டினால் வந்த வினை. இரையைப் பிடிக்க முடியாத புலிதான் மனிதனைத் தேடுகிறது என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். 1910-ல் பனார் சிறுத்தை. அது கொன்றவர்கள் நானூறு பேர். அதையும் முடித்துவிட்டு மறுபடி மூட்டைகளுக்கே திரும்பினார்.

முதல் உலகப் போரில், 1917-ல், ஐந்நூறு குமாவூன்காரர்களைத் தொழிலாளர் படையாகச் சேர்த்துப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். ஒருவர் தவிர அத்தனை பேரையும் உயிரோடு திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அதன் பின் ரயில்வே வேலைக்குத் தலைமுழுகிவிட்டார். நைனிதாலில் வீட்டு ஏஜென்சி, கடை, நகரசபை அங்கத்தினர் பதவி, கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கனிகாவில் ஒரு நண்பரோடு கூட்டாகத் தோட்டம் என்று வருமானத்துக்கு வழி தேடிக்கொண்டார்.

பத்ரிநாத் போய் வந்த தமிழர்கள் ருத்ரப்பிரயாகையைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். 1918 முதல் எட்டு ஆண்டுகள் அந்த யாத்திரைப் பாதையை ஒரே ஒரு சிறுத்தை ஆட்டி வைத்தது. கணக்கில் வந்த சாவுகள் 125. பாலத்துக் கோபுரத்தின் மேல் இருபது இரவுகள் குளிர்காற்றில் உட்கார்ந்து பார்த்தார் கார்பெட். சிறுத்தை பாலத்தைக் கடக்கவில்லை. 1926-ல் யாத்திரைப் பாதையோரம் ஒரு மாமரத்தில் காத்திருந்து சுட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. கடைசி ஆட்கொல்லியைச் சுட்டது 1938-ல். வயது அறுபத்து மூன்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் சுட்டதெல்லாம் ஆட்கொல்லி அல்ல. 1930-ல் பவல்கட் காட்டில் அவர் சுட்ட பிரமாண்டமான புலி எந்த மனிதனையும் தொட்டதில்லை. பெரிய புலி என்ற பெயருக்காகவே அதன் பின்னால் எத்தனையோ பேர் அலைந்தார்கள்; கார்பெட்டுக்கும் அந்த ஆசை இருந்தது. அந்தக் காலத்தில்தான் அவர் கையில் சினிமா காமிராவும் ஏறியது. போகப் போகத் துப்பாக்கியை விடக் காமிராவே அதிகம் பேசிற்று. 1936-ல் அந்தக் காட்டில் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பூங்காவுக்கு முதலில் கவர்னர் ஹெய்லியின் பெயர். பின்னர் கார்பெட் மறைந்த பிறகு அவர் பெயர்.

சோட்டி ஹல்துவானி

1915-ல் காலாதுங்கிக்கு அருகே சோட்டி ஹல்துவானி என்ற பாழடைந்த கிராமத்தை விலைக்கு வாங்கியிருந்தார். குடிகளை அமர்த்தினார். காட்டுப் பன்றியும் மானும் பயிரை அழித்ததால், கிராமத்தைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பினார். அவரும் அக்காள் மாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாகி அந்த ஊர் ஜனங்களுக்கு மருந்து கொடுப்பார்.

1944-ல் 'குமாவூன் ஆட்கொல்லிகள்' பம்பாயில் அச்சாகி வெளிவந்தது. உலகமெங்கும் விற்றது. முதல் பதிப்பின் வருமானத்தைப் போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களின் நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

1947 நவம்பரில், எழுபத்திரண்டாவது வயதில், அவரும் மாகியும் நைனிதால் வீட்டை விற்றுவிட்டுக் கென்யாவுக்குப் புறப்பட்டார்கள். தாங்கள் இனி இங்கே யார் என்ற கேள்விக்கு அவர்களால் பதில் காண முடியவில்லை போலும். ஊரார் யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. இங்கேயே பிறந்தவர், இங்கேயே உழைத்தவர், இதை 'என் இந்தியா' என்று எழுதியவர், அதை எழுதியபோது இந்தியாவில் இல்லை. பிழைப்புக்கு ஊரை விட்டவனுக்கு ஊர் எப்போதும் கண்ணுக்குள் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா!

கென்யாவில் நியேரி என்ற ஊரில் ஓட்டல் வளாகத்துச் சிறு வீட்டில் வாழ்ந்து, 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். அங்கேயே அடக்கம். மாகி 1963 வரை இருந்தார். மோகாமாவில் 1959-ல் ராஜேந்திரர் பாலம் திறக்கப்பட்டது. கரையில் மூட்டை இறக்கி ஆற்றைக் கடத்தும் வேலை முடிந்துபோயிற்று. காலாதுங்கி வீடு மியூசியம் ஆயிற்று.

சோட்டி ஹல்துவானிக் குடிகளின் நில வரியைக் கென்யாவிலிருந்தும் அவரே கட்டி வந்தார். அவர் காலத்துக்குப் பின் நிலம் உழுதவர்களுக்கே சொந்தமாயிற்று. பன்றிகளைத் தடுக்க அவர் கட்டிய கல் சுவரை அந்தக் கிராமத்துக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.