காற்றைக் காவலாக்கிய ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்

பாரமேற்றிய பெரிய லொறியொன்று வீதியோரத்தில் வந்து நின்றதும், புஸ்ஸென்று காற்று வெளியேறும் ஓசையை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். இருபது தொன்னுக்கு மேற்பட்ட நிறையுள்ள வண்டியைச் சாரதி தம் ஒரு காலின் மிதியினால் நிறுத்திவிடுகின்றார். அவ்வலிமை அவருடைய காலுக்குரியதன்று. தாங்கிகளிலே அமுக்கி அடைக்கப்பட்டிருக்கும் காற்றுக்குரியது. கண்ணுக்குப் புலப்படாத காற்றை மனித உயிருக்குக் காவலாக்கித் தந்த பெரியார் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஆவர். அன்னாரின் வாழ்க்கை வாலிபராகிய நாம் அறிந்து சிந்திக்கத்தக்கது.

வெஸ்டிங்ஹவுஸ் 1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6 ஆம் திகதி, அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலத்திலுள்ள சென்றல் பிறிட்ஜ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் இயந்திரங்கள் செய்யும் பட்டறையொன்றை நடத்தி வந்தார். குடும்பம் பின்னர் ஸ்கெனெக்டடி நகரில் குடியேறியது. பள்ளிப் பாடங்களைக் காட்டிலும் பட்டறையின் ஓசையே சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டபோது இளமையிலேயே படையிற் சேர்ந்தார்; பின்னர்க் கடற்படையில் உதவி எஞ்சினியராகக் கடமையாற்றினார். அப்போர் அவருடைய தமையனார் ஒருவரின் உயிரைக் கொண்டது. 1865 இல் வீடு திரும்பி யூனியன் கல்லூரியிற் சேர்ந்தவர், சில மாதங்களிலேயே அதனை விட்டு நீங்கிப் பட்டறைக்குத் திரும்பினார். சுழலும் நீராவி எஞ்சின் ஒன்றுக்காக அவர் முதன்முதலாக உரிமைப் பத்திரம் பெற்றபோது வயது பத்தொன்பதே.

ஏறக்குறைய அக்காலத்தில், ஸ்கெனெக்டடிக்கும் ட்ரோய் நகருக்கும் இடையே இரண்டு சரக்குப் புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதிக் கிடந்த காட்சியை அவர் கண்டார். பாதை நேரானது, பகல் வெளிச்சம் இருந்தது, சாரதிகள் இருவரும் ஒருவர் வண்டியை ஒருவர் கண்டும் இருந்தனர். கண்டும் பயனில்லை. நிறுத்துவதற்கு நேரம் போதவில்லை.

அந்நாளில் புகையிரதத்தை நிறுத்துவது எவ்வாறு என்பதை அறிந்தாலன்றி அவர் செய்த தொண்டின் பெருமை விளங்காது. சாரதி ஊதுகுழலை ஒலிப்பார். அதனைக் கேட்ட பிறேக்குக்காரர் பெட்டிக்குப் பெட்டி ஓடி, ஒவ்வொன்றிலுமுள்ள கைச்சக்கரத்தைத் திருகவேண்டும். சரக்கு வண்டியாயின், ஓடும் பெட்டிகளின் கூரைமேல் மழையிலும் பனியிலும் பாய்ந்து செல்லவேண்டும். கால் தவறி வீழ்ந்து மாண்டோர் பலர். கையையும் காலையும் இழந்தோர் மிகப் பலர். இவர்கள் பெரும்பாலும் நம்மை ஒத்த வயதினரான வாலிபரே.

பெட்டிகள் அனைத்தையும் சாரதி ஒருவரே நிறுத்த வழியுண்டோ என்று வெஸ்டிங்ஹவுஸ் சிந்தித்தார். சங்கிலியை எண்ணினார், நீராவியையும் எண்ணினார். நீண்ட குழாயிற் செல்லும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும் என்பதைக் கண்டு அதனைக் கைவிட்டார். அவ்வேளையில், அல்ப்ஸ் மலையைக் குடைந்து சுரங்கம் அமைப்போர் தம் துளைப்பொறிகளை அமுக்கிய காற்றினால் இயக்குகின்றனர் என்னும் செய்தியைச் சஞ்சிகை ஒன்றிற் படித்தார். ஆயிரக்கணக்கான அடி தூரம் குழாய் வழியே சென்று பாறையைத் துளைக்கும் காற்று, சக்கரத்தைப் பற்றி நிறுத்தாதோ? எஞ்சினில் ஒரு காற்றமுக்கி, அருகே ஒரு தாங்கி, பெட்டிகள்தோறும் செல்லும் குழாய், ஒவ்வொரு பெட்டியின் கீழும் ஓர் உருளை என அவர் திட்டம் வகுத்தார். சாரதி வால்வைத் திறந்தால் காற்றுப் பாய்ந்து உருளையின் பிஸ்டனைத் தள்ளும்; பிறேக்குக் கட்டைகள் சக்கரத்தை அழுத்தும்.

பிற்ஸ்பேர்க் நகரிலே நடந்த முதலாவது பரீட்சையின்போது, குதிரை வண்டிக்காரர் ஒருவர் எதிர்பாராதவாறு தண்டவாளத்தின்மேல் வீழ்ந்தார். சாரதி புதிய வால்வைத் திருப்பினார். வீழ்ந்தவருக்குச் சில அடி தூரத்திற் புகையிரதம் நின்றது. 1869 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் திகதி உரிமைப் பத்திரம் கிடைத்தது. அவ்வாண்டே கம்பனியும் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இத்துடன் அமைதியடைந்திருந்தால் அவர் திறமைசாலி என்ற அளவிலேயே நின்றிருப்பார். ஆனால் அவர் தம் படைப்பின் குறையைத் தாமே தேடினார். குழாய் வெடித்தால் அல்லது பெட்டிகள் அறுந்து பிரிந்தால் காற்று வெளியேறிவிடும். பிறேக்கு மிகத் தேவையான வேளையிலே அது இல்லாதுபோகும். ஆகவே 1872 இல் முழு முறையையும் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தாங்கியும், மூவகைத் தொழில் புரியும் வால்வு ஒன்றும் அமைத்தார். குழாயில் எப்பொழுதும் காற்று நிறைந்திருக்கும். அதன் அமுக்கம் குறைந்தால், அக்குறைவே நிறுத்துமாறு கூறும் கட்டளையாகும். சாரதி காற்றை வெளிவிட்டாலும் வண்டி நிற்கும். குழாய் உடைந்தாலும் வண்டி நிற்கும். முன்னர் ஆபத்தாயிருந்த பழுதே இப்பொழுது காவலாயிற்று. அவர் வாழ்வின் மிகச் சிறந்த எண்ணம் இதுவே என்பது என் துணிபு.

1886, 1887 ஆம் ஆண்டுகளிலே பேர்லிங்டன் என்னுமிடத்தில் ஐம்பது பெட்டிகள் கொண்ட சரக்கு வண்டிகளில் நடந்த பரீட்சைகளில் இப்பிறேக்குத் தோல்வியடைந்தது. முன்பெட்டிகள் நின்ற பின்னரே பின்பெட்டிகளைக் கட்டளை எட்டியமையால், அவை முன்னே மோதின. அவர் பிறரைக் குறை கூறவில்லை; சில மாதங்களில் வால்வைத் திருத்தி, நீண்ட வண்டியும் அதிர்ச்சியின்றி நிற்கச் செய்து காட்டினார். 1893 இல் அமெரிக்க அரசாங்கம் புகையிரதங்களுக்குத் தொடர் பிறேக்கு வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. கூரைமேல் ஓடிய வாலிபர் படிப்படியாகக் கீழே இறங்கினர்.

மின்சாரத் துறையில் அவர் புரிந்த சாதனைகளும் பல. நிக்கொலா டெஸ்லாவின் உரிமைகளை வாங்கி, ஆடலோட்ட மின்சாரத்தை உலகிற் பரப்பினார். 1893 இல் சிக்காகோ கண்காட்சிக்கு ஒளியூட்டினார்; 1896 இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் ஆற்றல் பஃபலோ நகரை அடைந்தது. 1871 ஆம் ஆண்டிலேயே தம் தொழிலாளருக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை அளித்தவரும் அவரே. எனினும் கடனை நம்பித் தொழிலை விரைந்து பெருக்கியமையால், 1907 ஆம் ஆண்டின் பண நெருக்கடியிலே மின்சாரக் கம்பனி அவர் கையை விட்டுச் சென்றது. எல்லா வண்டிகளுக்கும் பிறேக்குப் பூட்டியவர் தம் செலவுக்கு அதனைப் பூட்ட மறந்தார் போலும். காற்றுப் பிறேக்குக் கம்பனியோ அந்நெருக்கடியிலும் அசையாது நின்றது. 1914 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் திகதி அவர் காலமானார். முந்நூற்றறுபதுக்கு மேற்பட்ட உரிமைப் பத்திரங்கள் அவர் பெயரில் இருந்தன.

அவர் எண்ணம் அவருடன் மறையவில்லை. புகையிரதத்திலிருந்து லொறிக்கும் பரவியது. இன்று புகை கக்காத புதுவகை லொறிகள் தோன்றியுள்ளன. ஐதரசனையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் உண்டாக்கும் எரிபொருட் கலமே அவற்றை இயக்குகின்றது, வெளியேறுவது நீரே. தென் கொரியாவின் ஹூண்டாய் கம்பனி செய்த இத்தகைய லொறிகள் 2020 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் வீதிகளில் ஓடத் தொடங்கின. டீசல் லொறியிலே காற்றமுக்கியை எஞ்சின் சுழற்றும். இங்கு எஞ்சின் இல்லை. ஆகையால் அதற்கெனத் தனி மின்மோட்டார் உண்டு. தாங்கியில் அமுக்கம் குறையும்போது மாத்திரம் அதனை ஓட்டினாற் போதும், மின்சாரம் வீணாவதில்லை. கலத்துக்குக் காற்றூட்ட இன்னோர் அமுக்கியும் உண்டு. அக்காற்றில் எண்ணெய்த் துளி கலந்தாற் கலம் கெடும்.

இவ்வண்டிகளில் ஓட்டும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரம் தரவும் வல்லது. ஆனால் அம்மின்சாரத்தை எரிபொருட் கலம் திரும்ப ஏற்காது; மின்கலத்திலேயே சேமிக்கவேண்டும். நீண்ட மலைச்சரிவில் மின்கலம் நிறைந்துவிட்டால் அத்துணையும் குன்றும். அப்பொழுது பாரத்தைத் தாங்குவதற்கு அமுக்கிய காற்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தரிப்புப் பிறேக்கிலோ வலிய வில்லொன்று சக்கரத்தைப் பற்றக் காத்திருக்கின்றது. காற்றே அதனைத் தடுத்து வைத்திருக்கின்றது. காற்று முற்றாக ஒழிந்தால் வில் விடுபட்டுச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். எரிபொருள் மாறியது, எஞ்சின் மறைந்தது, 1872 ஆம் ஆண்டின் தத்துவம் மாறவில்லை.

நண்பர்களே, விரைந்து செல்லும் வழியைக் கண்டோரை உலகம் எளிதிற் போற்றுகின்றது. பழுது நேரும் நாளை முன்னரே எண்ணி, அந்நாளிலும் பிறர் உயிர் தப்ப வழி செய்தவரை நாம் எண்ணுவது அரிது. நாளை எஞ்சினியராகவும் வைத்தியராகவும் ஆசிரியராகவும் கடமையேற்கப் போகும் நாம், நமது வேலை பிழைத்தால் யாருக்கு என்ன நேரும் என்ற கேள்வியை முதலிற் கேட்டுக்கொள்வோமாக. வீதியிலே அந்தப் புஸ் என்ற ஓசை கேட்கும்போதெல்லாம் அக்கேள்வி நம் நினைவுக்கு வருமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.