தூரிகை வேந்தர் இராஜா இரவி வர்மா

நம் தோட்டத்து இல்லங்களில் உள்ள சாமி மாடங்களை நோக்குங்கள். தாமரை மலரின்மீது நிற்கும் இலக்குமியும் வீணை ஏந்திய சரசுவதியும் படங்களாக நம்மை வாழ்த்துவதைக் காணலாம். பட்டுச் சேலையும் அணிகலன்களும் பூண்டு, நம் குலத்துத் தாய்மாரைப் போலவே தோன்றும் இத்திருவுருவங்களை நாடெங்கும் பரப்பிய ஓவியர் இராஜா இரவி வர்மா ஆவார்.

அவர் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், திருவாங்கூர் நாட்டில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். அன்னையார் உமாம்பா பாய் கவி பாடும் ஆற்றல் மிக்கவர். சிறுவன் இரவி வர்மா அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதர்களையும் தீட்டி வந்தான். பணியாளர் முறையிட்டபோது, தாய்மாமன் இராஜ ராஜ வர்மா சினங்கொள்ளவில்லை. அக்கோடுகளில் ஒளிந்திருந்த திறமையைக் கண்டு மகிழ்ந்தார். தாம் அறிந்த தஞ்சாவூர் ஓவிய முறையை அவரே மருமகனுக்குக் கற்பித்தார். பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் அறிமுகப்படுத்தினார்.

அக்காலத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டில் புதிய கலை. அரசவை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் அதனை அறிந்திருந்தும் இளைஞருக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் தீட்டுவதை அருகிலிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை என்பார் இரவில் மறைவாக வந்து சில நுட்பங்களைச் சொல்லித் தந்தார் என்பர். இரவி வர்மா மனந்தளரவில்லை. கண்ணால் கண்டதைக் கையால் செய்து பார்த்தார். பிழைபட்டால் மீண்டும் தீட்டினார். இவ்வாறு பல்லாண்டுகள் பயின்றே அக்கலையைத் தமதாக்கிக் கொண்டார்.

முயற்சி திருவினையாயிற்று. 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய நாயர் பெண் ஓவியம் பொற்பதக்கம் பெற்றது. அதே ஆண்டு வியன்னா நகரிலும் பரிசு கிடைத்தது. 1893இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்களை அனுப்பிச் சிறப்புப் பெற்றார். 1888இல் பரோடா மன்னர் பதினான்கு புராண ஓவியங்கள் தீட்டப் பணித்தபோது, தம்பி சி. இராஜ ராஜ வர்மாவுடன் நாடெங்கும் பயணம் செய்து மக்களின் உடையையும் தோற்றத்தையும் கூர்ந்து கண்டார். காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் துஷ்யந்தனைத் திரும்பி நோக்கும் சகுந்தலையும், அன்னத்தின் தூது கேட்கும் தமயந்தியும் அவர் புகழை இன்றும் பறைசாற்றுகின்றனர்.

ஆயினும் அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியத்தை ஏழை எவ்வாறு காண்பான்? கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், படங்களை அச்சிட்டுப் பரப்புமாறு யோசனை கூறியிருந்தார். 1894இல் பம்பாய்க்கு அருகே காட்கோபரில் இரவி வர்மா அச்சகம் நிறுவினார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வுண்மையைக் கொண்டே வழவழப்பான கல்லில் படம் வரைந்து, ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல்லாகப் பல முறை அச்சிட்டனர். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம்.

இதன் பெருமையை எண்ணிப் பாருங்கள். திருவாங்கூரில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசின் ஆலயக் கதவுகள் திறந்தது 1936இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கோயிலினுள் நுழைய இயலாதவர் குடிசைக்கும் தெய்வத் திருவுருவம் சென்று சேர்ந்தது! கையில் சிறு பொருள் உள்ள எவரும் அதனை வாங்கி, விளக்கேற்றி வணங்கலாயினர். பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோர் நாட்காட்டிப் படங்கள் தீட்டி இம்மரபை வளர்த்தனர்.

இத்தொண்டு அவருக்குச் செல்வம் தரவில்லை. பிளேக் நோயும் நட்டமும் சூழ, அச்சகம் மளவ்லி என்னும் ஊருக்கு மாறியது. பின்னர் பிரிட்ஸ் ஷிலைகர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது. 1905இல் வலக்கரமாக விளங்கிய தம்பியும் மறைந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் இரவி வர்மா காலமானார்.

அவர் மேனாட்டு முறையைப் பின்பற்றினார் என்று வங்காள ஓவியர்கள் குறை கூறியதுண்டு. அது கலைஞர்களின் வழக்கு. நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு. கற்பிப்பார் இல்லாதபோதும் அவர் கற்றார். கற்றதை மன்னர்க்கு மட்டுமன்றி எளியோர்க்கும் வழங்கினார்.

பெற்றோர்களே! பிள்ளை சுவரில் கிறுக்கினால் உடனே கையை ஓங்காதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். மாணவர்களே! பால்மரக் காட்டின் நடுவே வாழ்கிறோமே என்று சோர்வடையாதீர்கள். காணும் கண்ணும் சலியாத கையும் உள்ளவர்க்குக் கல்வியின் கதவு என்றேனும் திறந்தே தீரும்.