பம்பாய் ஆலைப் பெண்களும் ஒரு மாத்திரையும்

அரிவாள் அணு சோகை என்பது தாய், தந்தை இருவர் வழியாகவும் பிள்ளைக்கு வரும் நோய். சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். வலி தாங்க முடியாது. 120 நாள் இருக்கவேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் அழிந்துவிடும். ஈடு செய்ய உடல் ஓயாமல் புது அணுக்களை உண்டாக்குவதால், அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவேதான் டாக்டர்கள் ஃபோலிக் அமில மாத்திரை எழுதித் தருகிறார்கள். அந்த மாத்திரைக்கு வழி கோலியவர் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார். வழி பிறந்த இடம் பம்பாய்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே 1888-ல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நில இயலும் படித்தார். பெண்களுக்கு அங்கே பட்டம் கொடுக்காத காலம் அது. முதல் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்காவில் நர்ஸ் வேலை பார்த்தார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்து 1920-ல் டாக்டரானார்.

1928-ல் இந்தியா வந்தார். பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடும் சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். பரேலிலுள்ள ஹாஃப்கின் நிலையத்தில் அம்மையார் ஆராய்ச்சியைத் தொடங்கினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணி தொடர்ந்தது.

நோய்க் கிருமி காரணமல்ல என்று கண்டார். அப்பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். சத்தில்லாத சாப்பாடே வினை என்பது புலப்பட்டது. அதே போன்ற உணவு தந்த குரங்குகளுக்கும் சோகை கண்டது. ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் குணம் தெரிந்தது. பெண்களும் தேறினார்கள். 1931-ல் இதை உலகுக்கு அறிவித்தார். மார்மைட்டிலிருந்த அந்தச் சத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக் கீரையிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி நிலையம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவராயிருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ்.

லண்டனில் வேலைக்குச் சைக்கிளில் போய்வந்த அம்மையார், ஆடம்பரம் அறியாதவர். 1964-ல் காலமானார்.

ஃபோலிக் அமிலம் அரிவாள் அணு சோகையை வேரோடு போக்காது. வலி வருவதைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து இருக்கிறது. இந்த நோயை ஒழிக்க 2023-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விதர்ப்பா, சத்தீஸ்கர், ஒடிசா, குஜராத், நீலகிரி ஆகிய பகுதிகளின் பழங்குடி மக்களிடையே நோய் அதிகம். ரத்தப் பரிசோதனையில் நோயைக் கண்டுகொண்டு, மருந்தை விடாமல் சாப்பிட்டால் துன்பம் குறையும், ஆயுளும் நீளும். அந்த மருந்துகளில் ஒன்றுக்கான தடயம் முதலில் கிடைத்தது பம்பாயின் ஏழை ஆலைத் தொழிலாளப் பெண்களிடம்.