டீசல்: எரிபொருளுக்கு முன்னால் ஒரு மனிதர்

பெட்ரோல் பங்க்ல தினமும் பார்க்கிற ‘டீசல்’ முதலில் ஒரு இன்ஜினியரோட பெயர், தெரியுமா? ருடால்ஃப் டீசல். பயன்படுத்திய சமையல் எண்ணெயில் பயோடீசல் செய்யலாம்னு மினி புராஜெக்ட் யோசிக்கிறவங்க, இவர் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள்.

பிறகு ம்யூனிக் பாலிடெக்னிக். கடைசித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல்! கூடப் படித்தவர்களோடு எழுத முடியவில்லை. அடுத்த தேர்வுக்குக் காத்திருந்து, 1880-ல் சிறப்பாகத் தேறினார்.

அங்கே கார்ல் லிண்டேயின் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் கேட்ட ஒரு விஷயம் அவரை விடவே இல்லை. நீராவி இன்ஜின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் சுமார் 10 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதியெல்லாம் வீண்.

அவர் கண்ட வழி எளிமையானது. காற்றை மட்டும் பலமாக அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. சொல்ல ஈஸி, செய்ய நாலு வருஷம் ஆச்சு! 1893-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. விடவில்லை மனிதர். 1897-ல் 20 குதிரைத்திறன் இன்ஜின் சுமார் 26 சதவீதத் திறனோடு ஓடியது.

இப்போ முக்கியமான இடம். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அதை ஓட்டிக் காட்டியவர் டீசல்தான் என்று பலரும் செமினாரில் சொல்வாங்க. அது தவறு. ஓட்டிக் காட்டியது ஓட்டோ நிறுவனம். ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்ததால் பிரெஞ்சு அரசுக்கு அதில் ஆர்வம். பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்த அந்த இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. டீசல் பின்னர் தானும் சோதித்துப் பார்த்தார். தாவர எண்ணெய்க்கும் ஒரு காலம் வரும் என்று 1912-ல் சொன்னார்.

அந்தக் காலத்தை அவர் பார்க்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போன ‘டிரெஸ்டன்’ கப்பலில் இரவு உணவு முடித்து அறைக்குப் போனவர், காலையில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. உலகமே பயன்படுத்தும் இன்ஜினைத் தந்தவர், கடனில் மூழ்கியிருந்தார். தற்கொலையா, விபத்தா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

சரி, நம்ம புராஜெக்டுக்கு வருவோம். பஜ்ஜி சுட்ட எண்ணெயை வடிகட்டி அப்படியே டேங்கில் ஊத்திடாதீங்க. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பு. இன்றைய இன்ஜினின் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். மெத்தனாலும் காரமும் சேர்த்து வினைபுரிய வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதுதான் பயோடீசல். அதையும் கழுவி, ஈரம் நீக்கின பிறகுதான் பயன்படுத்தணும்.

ரிவ்யூவில் ரிசல்ட் சரியா வரலைன்னா, வெடித்த அந்த அழுத்தமானியை நினைச்சுக்கோங்க. அதற்குப் பின்னும் நாலு வருஷம் உழைத்தவரின் பெயர்தான் இன்று ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கிறது.