ஆண்ட்ரூ வாட்சன்

ஆண்ட்ரூ வாட்சன் (மே 24, 1856 - மார்ச் 8, 1921) 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு அணிக்காக ஆடிய காற்பந்தாட்டப் பின்காப்பாளர் ஆவார். பன்னாட்டுக் காற்பந்தாட்டத்தில் பங்கேற்ற முதல் கறுப்பின வீரராக இவர் கருதப்படுகிறார். தாம் ஆடிய முதல் பன்னாட்டு ஆட்டத்திலேயே அணித்தலைவராக இருந்து, இங்கிலாந்து அணியை லண்டனில் 6-1 என்ற இலக்குக் கணக்கில் வென்றார். கிளாஸ்கோ, லண்டன், லிவர்ப்பூல் என ஊர் மாறி ஊர் சென்று பல கழகங்களுக்கு ஆடிய இவரது பெயர், இறப்பிற்குப் பின் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ முற்றிலும் மறக்கப்பட்டிருந்தது.

பிறப்பும் கல்வியும்

வாட்சன் தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள, அன்று பிரித்தானிய கயானா என வழங்கிய நாட்டின் தெமராரா பகுதியில் பிறந்தார். தந்தை பீட்டர் மில்லர் வாட்சன் ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கரும்புத் தோட்டத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். தாய் ஹன்னா ரோஸ் கயானாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். தெமராராவின் கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் வளர்ந்தவை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வாட்சன் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது.

சிறுவனாக இருந்தபோதே தந்தையுடனும் தமக்கை அன்னெட்டாவுடனும் பிரித்தானியாவிற்கு வந்தார். 1869இல் தந்தை இறந்தபோது இவருக்குப் பெருந்தொகை மரபுரிமையாகக் கிடைத்தது. யார்க்சயரின் ஹாலிபாக்ஸ் நகரப் பள்ளியிலும், 1871 முதல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியிலும் பயின்றார். விளையாட்டில் இவருக்கு நாட்டம் பிறந்தது இப்பள்ளிகளில்தான். 1875இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்கை மெய்யியல், பொறியியல் ஆகியவற்றைப் படிக்கச் சேர்ந்து, ஓராண்டிலேயே வெளியேறினார். பின்னர் அந்நகரில் மொத்த வணிக நிறுவனம் ஒன்றில் பங்குதாரரானார். 1877இல் ஜெஸ்ஸி நிம்மோ ஆர்மர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

கிளாஸ்கோ கழகங்களில்

முதலில் மேக்ஸ்வெல் என்னும் சிறு கழகத்திற்கு ஆடிய வாட்சன், அடுத்துப் பார்க்குரோவ் கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். காற்பந்தாட்ட நிருவாகத்தில் ஈடுபட்ட முதல் கறுப்பினத்தவர் என இவரைக் குறிப்பிடுவது இதனால்தான். இராபர்ட் வாக்கர் என்ற மற்றொரு கறுப்பின வீரரும் அதே கழகத்தில் ஆடினார்.

1880இல் ஸ்காட்லாந்தின் மிகப் பழமையானதும் அக்காலத்தில் மிக வலிமை வாய்ந்ததுமான குயின்ஸ் பார்க் கழகம் இவரைச் சேர்த்துக்கொண்டது. 1881ஆம் ஆண்டு ஸ்காட்டியக் கிண்ண இறுதியாட்டத்தில் குயின்ஸ் பார்க் டம்பார்ட்டன் அணியை வென்றது. டம்பார்ட்டன் முறையீடு செய்ததால் ஆட்டம் மீண்டும் நடத்தப்பட்டது. இம்முறை 3-1 என்ற கணக்கில் முடிவு உறுதியானது. 1882இல் அதே டம்பார்ட்டனை மறு ஆட்டத்தில் 4-1 என வென்றனர். பெரிய போட்டியொன்றில் கிண்ணம் வென்ற முதல் கறுப்பின வீரர் என்ற சிறப்பு இவ்வெற்றிகளால் வாட்சனுக்கு உரியதாயிற்று. குயின்ஸ் பார்க் கழகத்தின் செயலாளராகவும் இவர் பணியாற்றினார்.

அன்றைய பின்காப்பாளரின் பணி இன்றுள்ளதைப் போன்றதன்று. பதினொருவரில் ஆறு பேர் முன்களத்தில் நிற்பர், இடைநிலையில் இருவர், இலக்குக் காவலருக்கு முன்னால் இரண்டே பின்காப்பாளர்கள். இலக்குக் காவலரைத் தோளால் இடித்துத் தள்ளுவதும் அன்று முறையான ஆட்டமே. எனவே விரைந்து ஓடவும், உடலால் மோதித் தடுக்கவும், பந்தை நெடுந்தொலைவிற்கு உதைக்கவும் வல்லவரே அவ்விடத்தில் நிலைக்க முடிந்தது. இம்மூன்றும் வாட்சனிடம் இருந்தன என்பது அக்காலக் குறிப்புகளால் தெரிகிறது. ஆட்டச் செய்திகளில் இவரது தோலின் நிறம் அரிதாகவே பேசப்பட்டது. மற்றவர்கள் கறுப்புக் காலணி அணிந்தபோது இவர் பழுப்பு நிறக் காலணி அணிந்ததே செய்தியாளர் ஒருவரின் கண்ணில் பட்டது என்பர். இதைக்கொண்டு அக்காலத்தில் நிற வேற்றுமையே இல்லை என முடிவு செய்வது பொருந்தாது. கல்வியும் செல்வமும் உடைய ஒருவர் நடத்தப்பட்ட முறை அது.

பன்னாட்டு ஆட்டங்கள்

மார்ச் 12, 1881 அன்று லண்டன் கெனிங்டன் ஓவல் திடலில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய ஸ்காட்லாந்து அணிக்கு வாட்சன் தலைமை தாங்கினார். அன்றைய 6-1 தோல்வியே இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் அடைந்த மிக மோசமான தோல்வியாக இன்றுவரை நீடிக்கிறது. தனியாளாகப் பந்தை உருட்டிச் செல்லும் ஆங்கில முறையைவிட, ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி ஆடும் ஸ்காட்டிய முறை மேலானது என்பதை இவ்வாட்டம் ஐயமின்றிக் காட்டியது. இரு நாட்கள் கழித்து ரெக்சம் நகரில் வேல்சு அணியை 5-1 எனவும், 1882 மார்ச்சில் கிளாஸ்கோவில் மீண்டும் இங்கிலாந்தை 5-1 எனவும் ஸ்காட்லாந்து வென்றது. வாட்சன் ஆடிய மூன்று ஆட்டங்களும் வெற்றி. எதிரணிகள் ஆட்டத்திற்கு ஓர் இலக்குக்கு மேல் பெறவில்லை.

நான்காவது ஆட்டம் அமையவில்லை. 1882இல் வாட்சன் தொழில் நிமித்தமாக லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்லாந்தில் ஆடுவோரை மட்டுமே நாட்டு அணிக்குத் தேர்ந்தெடுப்பது ஸ்காட்டியச் சங்கத்தின் வழக்கம். இங்கிலாந்துக் கழகங்களில் ஆடிய ஸ்காட்டியருக்கு 1896 வரை அக்கதவு திறக்கவில்லை. இருபத்தாறு வயதில், திறன் குன்றாத நிலையில், வாட்சனின் பன்னாட்டு வாழ்வு முடிந்தது. அதே ஆண்டில் மனைவி ஜெஸ்ஸியும் காலமானார். குழந்தைகள் இருவரும் கிளாஸ்கோவில் இருந்த பாட்டன் பாட்டியிடம் அனுப்பப்பட்டனர்.

இங்கிலாந்தில்

லண்டனில் சுவிப்ட்ஸ் கழகத்திற்கு ஆடியபோது, எஃப். ஏ. கிண்ணப் போட்டியில் பங்கேற்ற முதல் கறுப்பின வீரரானார். அழைப்பின் பேரில் மட்டுமே உறுப்பினரைச் சேர்த்த கொரிந்தியன் கழகமும் இவரை அழைத்தது. பின்னர் கிளாஸ்கோவிற்குத் திரும்பி, 1886இல் குயின்ஸ் பார்க்குடன் மூன்றாவது ஸ்காட்டியக் கிண்ணத்தைப் பெற்றார். 1887இல் எலிசா கேட் டைலரை மறுமணம் செய்துகொண்டு லிவர்ப்பூல் பக்கம் சென்று, பூட்டில் கழகத்தில் இணைந்தார்.

இந்தப் பூட்டில் காலமே ஆய்வாளர்களிடையே விவாதத்திற்கு உரியது. 1885இல் இங்கிலாந்தில் ஊதியம் பெற்று ஆடுவது சட்டபூர்வமாக்கப்பட்டது. பூட்டில் கழகம் தன் வீரர்கள் சிலருக்கு ஊதியம் வழங்கியது. வாட்சனும் அவ்வாறு பெற்றிருந்தால், 1889இல் ராதர்ஹாம் டவுன் கழகத்தில் தொழில்முறை வீரரான இலக்குக் காவலர் ஆர்தர் வார்ட்டனுக்கு முன்பே முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர் இவராவார். எனினும் அப்பட்டம் பொதுவாக வார்ட்டனுக்கே வழங்கப்படுகிறது.

பிற்காலமும் மறதியும்

ஆட்டத்தை விட்டபின் கப்பற் பொறியாளர் தேர்வுகளில் தேறி, கப்பல்களில் பணிபுரிந்தார். ஓய்வுக்குப் பின் லண்டனில் குடியேறினார். 1921இல் கியூ பகுதியில் நுரையீரல் அழற்சியால் இறந்து, ரிச்மண்ட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1926இல் டிட்டிரஸ் என்ற புனைபெயரில் எழுதிய இதழாளர் கேட்டன், எக்காலத்திற்குமான தமது ஸ்காட்லாந்து அணியில் இடப் பின்காப்பாளராக வாட்சனையே தேர்ந்தார். அதன்பின் இவர் பெயர் மறைந்தது. ஆஸ்திரேலியாவிற்குச் சென்று சிட்னியில் இறந்தார் என்ற தவறான செய்தி நூல்களில் இடம்பெற்றது. வரலாற்றாய்வாளர் ஆண்டி மிட்செல் 2013இல் லண்டன் கல்லறையைக் கண்டறிந்த பின்னரே அது திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், ஸ்காட்டியக் காற்பந்தாட்டப் புகழ்க்கூடத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டிருந்தது.

இங்கிலாந்தின் முதன்மை அணியில் முதல் கறுப்பின வீரராக விவ் ஆண்டர்சன் ஆடியது 1978இல். வாட்சனுக்கு அடுத்து ஸ்காட்லாந்து அணியில் ஒரு கறுப்பின வீரர் இடம்பெற 2004 வரை ஆயிற்று. அவர் நைஜல் குவாஷி.